பத்து வயதில் பட்டதை உடம்பு எங்கே வைத்திருக்கிறது?

ஐம்பது வயதில் ஒருவர் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே கேட்கப்போகிற கேள்விகள் நமக்கெல்லாம் மனப்பாடம். சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா? சிகரெட் உண்டா? குடிப்பழக்கம்? அப்பா அம்மாவில் யாருக்காவது ஹார்ட் பிரச்சினை இருந்ததா? எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ‘சின்ன வயசில் உங்க வீடு எப்படி இருந்தது?’ என்று ஒரு டாக்டர் கேட்டு நான் பார்த்ததில்லை. நெஞ்சு வலிக்கும் பத்து வயசுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறது. அது எப்படித் தெரியவந்தது, உடம்புக்குள் எந்த வழியாக நடக்கிறது என்பதைத்தான் இன்று டீயை வைத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கனமான விஷயம். அவசரப்படாமல் போவோம்.

இது ஆரம்பித்த இடம் இதயநோய்ப் பிரிவும் இல்லை, மனநலப் பிரிவும் இல்லை. உடல் எடையைக் குறைக்கிற ஒரு கிளினிக். அமெரிக்காவில் சான் டியேகோ நகரம், 1980களின் நடுப்பகுதி. கைசர் பெர்மனென்ட்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பில் நோய்த்தடுப்புப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தவர் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. அளவுக்கு மீறிய உடல் பருமன் உள்ளவர்களுக்குத் திரவ உணவு கொடுத்து எடையைக் குறைக்கிற திட்டம் அவருடையது. திட்டம் நன்றாகவே வேலை செய்தது. அவருக்குப் புரியாத ஒன்று இருந்தது. நிறைய எடை குறைந்துகொண்டிருந்தவர்கள்தான் பாதியில் நின்றுபோனார்கள். எடை குறையாதவர் சலித்துப்போய் நிற்பது நியாயம். நன்றாகக் குறைந்துகொண்டிருக்கும்போது ஏன் நிற்க வேண்டும்?

ஒரு பெண், ஏறக்குறைய 185 கிலோவிலிருந்து ஒரே வருடத்தில் 60 கிலோவுக்கு வந்துவிட்டார். அடுத்த சில வாரங்களில் எடை மளமளவென்று ஏறத் தொடங்கியது. ராத்திரியில் தூக்கத்திலேயே எழுந்து சமைத்துச் சாப்பிடுகிறேன் போலிருக்கிறது, காலையில் பாத்திரங்கள் கிடப்பதை வைத்துத்தான் தெரிகிறது என்றார். என்ன நடந்தது என்று ஃபெலிட்டி விடாமல் கேட்டபோது, அலுவலகத்தில் வயதான ஒரு ஆள் ‘அழகாகிவிட்டாய்’ என்று சொல்லித் தப்பான நோக்கத்தோடு நெருங்கியது வெளியே வந்தது. அதற்குப் பின்னால் இருந்தது சின்ன வயதில் தாத்தாவிடம் அனுபவித்த பல வருடக் கொடுமை.

இன்னொரு பெண்ணிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போகும்போது ஃபெலிட்டிக்கு வாய் தவறியது. முதல் உடலுறவு எந்த வயதில் என்று கேட்பதற்குப் பதிலாக, அப்போது உங்கள் எடை என்ன என்று கேட்டுவிட்டார். நாற்பது பவுண்டு என்றார் அந்தப் பெண். பதினெட்டு கிலோ. தப்பாகக் காதில் விழுந்ததோ என்று டாக்டர் திரும்பக் கேட்க, அந்தப் பெண் உடைந்து அழுதபடி, அப்போது எனக்கு நாலு வயசு, அப்பாதான் என்று சொன்னார்.

அதன் பிறகு ஃபெலிட்டி எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினார். தான் கேட்பதால்தான் இப்படிப் பதில் வருகிறதோ என்ற சந்தேகத்தில், சக மருத்துவர்களையும் கேட்கச் சொன்னார். மொத்தம் 286 பேர். அதே மாதிரியான கதைகள் திரும்பத் திரும்ப வந்தன. டாக்டர்கள் நோய் என்று பார்த்த பருமன் அவர்களில் பலருக்குப் பாதுகாப்பாக இருந்தது. பருத்த உடம்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தை நான் எத்தனை முறை படித்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுகிறேன். ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று நாம் எத்தனை பேரை எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

1990இல் அட்லாண்டாவில் நடந்த மருத்துவ மாநாட்டில் ஃபெலிட்டி இதைச் சொன்னபோது வரவேற்பு நன்றாக இல்லை. தோற்றுப்போன வாழ்க்கைக்கு நோயாளிகள் சொல்கிற சாக்கு இது என்று ஒருவர் எழுந்து சொன்னார். ஆனால் அன்று இரவு உணவின்போது அருகில் இருந்தவர் டேவிட் வில்லியம்சன். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர். நீங்கள் சொல்வது உண்மையானால் மிகப் பெரிய விஷயம், ஆனால் சில நூறு பேரை வைத்து யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆயிரக்கணக்கானவர்களைக் கேட்க வேண்டும் என்றார். அந்த மையத்திலிருந்து டாக்டர் ராபர்ட் ஆண்டா வந்து சேர்ந்தார். 1995 முதல் 1997 வரை, சான் டியேகோவுக்கு உடல் பரிசோதனைக்கு வந்த 17,000க்கும் அதிகமானவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கினார்கள். பால்ய காலத்துப் பாதக அனுபவங்கள் பற்றிய ஆய்வு. சுருக்கமாக ‘ஏஸ்’ ஆய்வு என்பார்கள்.

யாரிடம் கேட்டார்கள் என்பது முக்கியம். குப்பத்தில் போய்க் கேட்கவில்லை. பெரும்பாலோர் வெள்ளையர்கள், நடுத்தர வர்க்கம், கல்லூரிக்குப் போனவர்கள், நல்ல மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். சராசரி வயது ஐம்பதுக்கு மேல். பதினெட்டு வயதுக்குள் உங்கள் வீட்டில் இது நடந்ததா, அது நடந்ததா என்று கேள்விகள். பெரியவர்கள் அடித்துக் காயப்படுத்தினார்களா, ஓயாமல் திட்டி அவமானப்படுத்தினார்களா, பாலியல் கொடுமை நடந்ததா, அம்மா அடி வாங்குவதைப் பார்த்தீர்களா, வீட்டில் குடியோ போதையோ இருந்ததா, மனநோய் இருந்ததா, யாராவது ஜெயிலுக்குப் போனார்களா, பெற்றோர் பிரிந்தார்களா, சோறு துணிக்கு வழியில்லாமல் கவனிப்பாரற்று இருந்தீர்களா, உன்னை எனக்குப் பிடிக்கும் என்று காட்ட ஆளில்லாமல் இருந்ததா. எத்தனை முறை நடந்தது என்பது கணக்கில்லை. ஒரு வகைக்கு ஒரு மதிப்பெண். முதலில் ஏழு வகை வைத்திருந்தார்கள், பிறகு பத்தாக்கினார்கள்.

1998 மே மாதம் வெளியான முதல் கட்டுரை 9,508 பேரின் பதில்களை வைத்து எழுதப்பட்டது. வசதியான அந்த ஜனங்களிலேயே பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குறைந்தது ஒரு அனுபவம் இருந்தது. ஒன்றுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், நாலு அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு இதயநோய் இருக்கும் வாய்ப்பு 2.2 மடங்கு. பக்கவாதம் 2.4 மடங்கு. நாள்பட்ட நுரையீரல் நோய் 3.9 மடங்கு. குடிநோய் 7 மடங்குக்கு மேல். தற்கொலைக்கு முயன்றிருக்கும் வாய்ப்பு 12 மடங்கு. எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏற ஏற, நோயும் படிப்படியாக ஏறியது. அந்தப் படிதான் முக்கியம். தற்செயலாக ஒட்டிக்கொண்ட சம்பந்தம் இப்படி ஒழுங்காக ஏறாது. முடிவுகளைக் கணினியில் முதன்முதலாகப் பார்த்தபோது அழுதுவிட்டேன் என்று ஆண்டா பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் பார்த்துப் பழகியது எண்களை. அன்று எண்களுக்குப் பின்னால் குழந்தைகள் தெரிந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். வரவும் வேண்டும். கஷ்டப்பட்ட பிள்ளை பெரியவனாகிக் குடிக்கிறான், புகைக்கிறான், கண்டதைத் தின்கிறான், அதனால் நோய் வருகிறது. அவ்வளவுதானே? பாதி சரி. அந்த வழி உண்மையாகவே இருக்கிறது. சிகரெட்டின் நிகோட்டின் பதற்றத்தைக் கொஞ்ச நேரம் தணிக்கிறது, சாராயம் நினைவை மழுக்குகிறது, இனிப்பு ஒரு நிமிட நிம்மதி தருகிறது. தாங்க முடியாததைத் தாங்க அந்த மனிதர் கண்டுபிடித்த வழி அது. மோசமான வழிதான், ஆனாலும் வழி. ஆனால் 2004இல் இதே ஆய்வுக் குழு இதயநோயை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது, புகை, பருமன், உடலுழைப்பின்மை, சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் ஒரு பங்கு மிச்சம் நின்றது. அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? அதற்கு உடம்புக்குள் போக வேண்டும்.

ராத்திரி பத்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பெண் குழந்தை பாயில் படுத்திருக்கிறாள். கண் மூடியிருக்கிறது, தூங்கவில்லை. காது தெருமுனையில் இருக்கிறது. அப்பாவின் பைக் திரும்புகிற சத்தம் வருகிறதா? வருகிறது. இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்பதை வண்டியை ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே அவளால் சொல்லிவிட முடியும். கேட் தள்ளப்படுகிற விதம், செருப்பு விழுகிற விதம். அம்மா சமையல்கட்டில் அசையாமல் நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. இன்னும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவள் உடம்புக்குள் வேலை தொடங்கிவிட்டது.

மூளையின் உள்ளே அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி. ஆபத்து என்று முதலில் கத்துவது அதுதான். நொடியில் நரம்பு வழியாகச் செய்தி போய், சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, வயிறு இறுகுகிறது. அதற்குப் பின்னால், கொஞ்சம் நிதானமாக, இரண்டாவது செய்தி. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி ரத்தம் வழியாக அட்ரினலுக்குச் சொல்கிறது, அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கிறது. கார்டிசால் வந்ததும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஓடவோ சண்டை போடவோ தசைக்கு எரிபொருள் வேண்டுமே. செரிமானம், வளர்ச்சி, நோய் எதிர்ப்பு போன்ற ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ வேலைகள் ஒத்திவைக்கப்படுகின்றன.

இந்த ஏற்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. பாம்பைக் கண்டால் நாம் பிழைப்பது இதனால்தான். ஆபத்து போனதும் இது நிற்க வேண்டும், அதுதான் விஷயம். நிறுத்துவதற்கும் உடம்பில் வழி இருக்கிறது. நம் வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற ஆட்டோ கட்-ஆஃப் மாட்டியிருக்கிறோம் அல்லவா, அதே மாதிரி. ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு ஏறியதை மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இருக்கிற ஏற்பிகள் உணர்ந்து, ‘போதும்’ என்று மேலே சொல்லிவிடும். மோட்டார் நிற்கும்.

அந்தக் குழந்தைக்கு மோட்டார் தினமும் ஓடுகிறது. சண்டை நடக்கிற நாளில் மட்டும் இல்லை, நடக்காத நாளிலும். இன்றைக்கு நடக்குமா நடக்காதா என்று காத்திருப்பதற்கே ஓடுகிறது. கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் இது நடக்கிறது என்பதுதான் பெரிய கொடுமை. எட்டு வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, நோய் எதிர்ப்பு மண்டலம் பழகிக்கொண்டிருக்கிறது. இந்த உலகம் எப்படிப்பட்ட இடம் என்று உடம்பு அப்போதுதான் கற்றுக்கொள்கிறது. ஆபத்தான இடம் என்று கற்றுக்கொண்டால் அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது.

இப்படி நாள்பட்டு ஓடுவதால் உடம்பில் ஏற்படுகிற தேய்மானத்துக்கு புரூஸ் மெக்யூவன் என்ற அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி 1993இல் ‘அலோஸ்டாடிக் சுமை’ என்று ஒரு பெயரே கொடுத்தார். ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, கொழுப்பு, சர்க்கரை, கார்டிசால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இந்த உடம்பு எவ்வளவு சுமை சுமந்திருக்கிறது என்று மதிப்பிடுகிற முறை அதிலிருந்து வளர்ந்தது.

இதில் நான் முக்கியம் என்று நினைப்பது அழற்சி. காயம் பட்டால் சிவந்து வீங்குகிறதே, அது. கார்டிசாலின் ஒரு வேலை, அழற்சியை அடக்கி வைப்பது. அதனால்தான் ஆஸ்துமாவுக்கும் மூட்டு வீக்கத்துக்கும் டாக்டர்கள் ஸ்டீராய்டு தருகிறார்கள். கார்டிசாலும் அந்தக் குடும்பம்தான். ஆனால் வருடக்கணக்கில் கார்டிசால் கத்திக்கொண்டே இருந்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் காது கொடுப்பதை நிறுத்திவிடுகின்றன. அடக்குவார் இல்லாமல் மெல்லிய அழற்சி உடம்பு முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கிறது. காய்ச்சல் வராது, வலிக்காது, வெளியே தெரியாது. ஆனால் இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயின் சுவரில் கொழுப்பு படிவதற்கும், படிந்தது ஒருநாள் வெடித்து அடைப்பதற்கும் இந்த அழற்சிதான் துணை போகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதிலும் இதற்குப் பங்கு உண்டு. அங்கே வந்து சேர்கிறது, முதலில் பார்த்த அந்த நெஞ்சு வலி.

பெரியவர்களிடம் சின்ன வயதைப் பற்றிக் கேட்டால் நினைவு தப்பாக இருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. சான் டியேகோ ஆய்வின் பலவீனமே அதுதான். அதற்குப் பதில் நியூஸிலாந்தில் இருக்கிறது. டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை அன்றிலிருந்து விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள். கொடுமை நடந்ததா என்பது குழந்தையாக இருந்தபோதே பெருமளவு குறித்துவைக்கப்பட்டது. அவர்களுக்கு 32 வயதானபோது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சி-ரியாக்டிவ் புரதம் கூடுதலாக இருந்தது. இன்றைய புகைப்பழக்கம், எடை, வருமானம் எல்லாம் கழித்த பிறகும். இந்த முடிவு 2007இல் வெளியானது.

கொடுமை என்றால் அடி உதை மட்டும் இல்லை. பிட்ஸ்பர்க்கில் ஷெல்டன் கோஹன் என்பவர் 334 ஆரோக்கியமான பெரியவர்களின் மூக்கில் சாதாரணச் சளிக் கிருமியை விட்டு, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்த்தார். சிறுவயதில் பெற்றோர் சொந்த வீட்டில் இருந்த வருடங்கள் குறையக் குறைய, சளி பிடிக்கும் வாய்ப்பு கூடியது. அவர்கள் இன்றைக்கு வசதியாக இருந்தாலும் அப்படித்தான். வாடகை கட்ட முடியாமல் வீடு மாறி வீடு மாறிப் போன குடும்பத்தின் நெருக்கடி, பல வருடம் கழித்து மூக்கில் தெரிகிறது.

எட்டு வயதில் நடந்தது ஐம்பது வயது வரை எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு துப்பு எலியிடமிருந்து வந்தது. கனடாவின் மான்ட்ரியாலில் மைக்கேல் மீனி என்பவர் தாய் எலிகளைக் கவனித்தார். சில தாய்கள் குட்டிகளை நிறைய நக்கிக் கொடுக்கும், சில தாய்கள் அவ்வளவாக நக்காது. பிறந்த முதல் வாரத்தில் நிறைய நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு பதற்றமில்லாத எலிகளாக இருந்தன. மூளையில் பார்த்தால், நான் சொன்னேனே ‘போதும்’ என்று சொல்கிற ஏற்பிகள், அவை இவற்றுக்கு அதிகம். 2004இல் மீனியும் மோஷே ஸிஃப்பும் காரணத்தைக் காட்டினார்கள். நக்கப்படாத குட்டியின் மூளையில், அந்த ஏற்பியைத் தயாரிக்கிற மரபணுவின் தொடக்கத்தில் மெத்தில் என்ற சின்ன வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு அதை அடக்கி வைத்திருந்தது. மரபணு மாறவில்லை, அது படிக்கப்படுகிற விதம் மாறியது. நக்காத தாய்க்குப் பிறந்த குட்டியை நக்குகிற தாயிடம் வளர்த்தால் அது அமைதியான எலியாகத்தான் வளர்ந்தது. ஆக இது பிறவி இல்லை, வளர்ப்பு.

எலி வேறு, மனிதன் வேறு என்பது நியாயமான எச்சரிக்கை. 2009இல் அதே நகரத்துக் குழு, தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளைகளை ஆராய்ந்தது. சிறுவயதில் கொடுமை அனுபவித்தவர்களின் மூளையில் அதே மரபணுவில் அதே மாதிரியான ஒட்டுதல் கூடுதலாக இருந்தது. ஆராய்ந்த மூளைகள் சில டஜன்தான். அதை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய துப்பு இல்லை.

இவ்வளவு சொன்னதும் நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ‘நாங்க எல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்?’ அடியாத மாடு படியாது என்று பழமொழியே வைத்திருக்கிற ஊர் இது. இந்தக் கேள்விக்கு மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும். நன்றாக இருப்பவர்கள் உண்மையாகவே நிறைய இருக்கிறார்கள். அடி அவர்களுக்கு நல்லது செய்தது என்பதற்கு அது ஆதாரம் இல்லை. அடித்த கை போன பிறகு அணைத்த கை ஒன்று இருந்திருக்கும். தப்பு செய்தால் அடி, செய்யாவிட்டால் இல்லை என்று எதிர்பார்க்க முடிந்திருக்கும். பாட்டி வீடு பக்கத்துத் தெருவில் இருந்திருக்கும். குழந்தைக்கு எந்த நெருக்கடியும் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பரீட்சை பயம், தோற்றுப்போவது, தாத்தா இறந்துபோவது எல்லாம் வாழ்க்கை. நெருக்கடி கடுமையாக, ஓயாமல் நடந்து, தாங்கிப் பிடிக்க ஒரு பெரியவரும் இல்லாமல் போகும்போதுதான் அது விஷமாகிறது.

அந்தப் பெரியவர் என்ன செய்கிறார் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னர், சின்னக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும்போது எச்சிலில் கார்டிசாலை அளந்தார். ஊசி குத்தினால் எல்லாக் குழந்தையும் அழும். பயந்த சுபாவம் உள்ள குழந்தைகளைப் பாருங்கள். தாயிடம் நிம்மதியான ஒட்டுதல் உள்ள பயந்த குழந்தை அழுதாலும் அதன் கார்டிசால் ஏறவில்லை. ஒட்டுதல் சரியில்லாத பயந்த குழந்தைக்கு ஏறியது. அழுகை ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ‘ஒண்ணுமில்லடா, முடிஞ்சிருச்சு’ என்று முதுகைத் தட்டுவது வெறும் கொஞ்சல் இல்லை. அது குழந்தையின் சுரப்பி வரைக்கும் போய்ச் சேர்கிறது.

அது சுத்தமாக இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ருமேனியா காட்டியது. 1966இல் சௌசெஸ்கு அரசு ஜனத்தொகையைப் பெருக்கக் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க முடியாத குழந்தைகள் அரசு விடுதிகளில் போய்ச் சேர்ந்தன. 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தார்கள். சோறு கிடைத்தது, கூரை இருந்தது. தூக்க ஆளில்லை. வரிசையாகக் கட்டில்கள், அழுதால் யாரும் வருவதில்லை என்று கற்றுக்கொண்டு அழுகையையே நிறுத்திவிட்ட குழந்தைகள். 2000க்குப் பிறகு சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூவர் புக்காரெஸ்ட் விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மற்றவர்களை விட்டுவிட்டது சரியா என்று மனம் கேட்கும், எனக்கும் கேட்டது. அப்போது அந்த நாட்டில் வளர்ப்புக் குடும்பங்கள் என்பதே ஏறக்குறைய கிடையாது, எல்லோருக்கும் இடமில்லை. பிற்பாடு குடும்பம் கிடைத்த எந்தக் குழந்தையையும் ஆய்வுக்காக அவர்கள் தடுத்து வைக்கவில்லை.

அந்தக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வயது வாக்கில், பதற்றம் தருகிற சின்னச் சின்னச் சோதனைகள் வைத்துப் பார்த்தார்கள். விடுதியிலேயே வளர்ந்தவர்களின் உடம்பு மந்தமாகத்தான் வினை காட்டியது. கார்டிசால் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. நிற்காமல் ஓடுவது ஒரு கோளாறு என்றால், ஓட வேண்டிய நேரத்தில் ஓடாதது இன்னொரு கோளாறு. ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களின் உடம்போ, சாதாரண வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் உடம்பு போலவே வேலை செய்தது. விடுதியில் அதிக காலம் கழித்த குழந்தைகளின் செல்களில், குரோமோசோமின் நுனியைக் காக்கிற டெலோமியர் குட்டையாக இருந்ததையும் இதே குழந்தைகளிடம்தான் கண்டார்கள்.

இரண்டு வயது தாண்டினால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லா ஆபத்தும் உள்ள வீட்டில் பிறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையும் அன்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் யாரோ ஒருவர் நிலையாக இருந்தார். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, ஒரு டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர். 2019இல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். சின்ன வயதில் நடந்த நல்லவை என்ன? மனசில் இருப்பதை வீட்டில் சொல்ல முடிந்ததா, ஊர் விசேஷங்களில் கலந்துகொண்டு சந்தோஷப்பட்டீர்களா, பெற்றோர் அல்லாத இரண்டு பெரியவர்களாவது உங்கள் மேல் அக்கறை காட்டினார்களா, இப்படி ஏழு கேள்விகள். நல்லவை அதிகம் உள்ளவர்களுக்கு, கெட்டவை எத்தனை இருந்தாலும், மனச்சோர்வு குறைவாகவே இருந்தது.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பத்துக் கேள்விகளும் இணையத்தில் கிடைக்கின்றன. போட்டுப் பார்த்து ‘எனக்கு ஆறு, நான் அவ்வளவுதான்’ என்று யாரும் ஒடிந்துபோக வேண்டாம். ஒரு கூட்டத்தின் போக்கைச் சொல்கிற எண் அது, தனி ஆளின் ஜாதகம் இல்லை. 2020இல் கலிஃபோர்னியாவில் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்திலேயே இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியபோது, தனி நபரை எடைபோட இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தவர்களில் முன்னால் நின்றவர், இதை உண்டாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாதான். என் அபிப்பிராயமும் அதுவே. கேட்டுவிட்டு, கையில் கொடுக்க ஒன்றும் இல்லாமல் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற இடத்தில் இதைக் கேட்கக் கூடாது.

ஏற்கெனவே வளர்ந்துவிட்டவர் என்ன செய்யலாம்? கடந்ததை மாற்ற முடியாது. இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கிற அழற்சியையும் அழுத்தத்தையும் குறைக்க முடியும். ஒழுங்கான தூக்கம், தினசரி நடை, நம்பிப் பேச ஒரு ஆள் ஆகியவை அந்தச் சுரப்பிகளைத் தணிப்பவை. ராத்திரி திடுக்கிட்டு எழுவது, காரணமில்லாத ஆத்திரம், மரத்துப்போன மனசு இவையெல்லாம் இருந்தால், இதற்கென்றே முறையாகப் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் இருக்கிறார்கள். பலன் தருகிற சிகிச்சைகளும் இருக்கின்றன. உங்கள் டாக்டரிடம் சுகர், பிரஷரோடு சேர்த்து, ‘சின்ன வயசு எனக்குக் கஷ்டமா இருந்துச்சு டாக்டர்’ என்ற ஒரு வரியையும் சொல்லுங்கள். விவரம் சொல்ல வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாமல் கொஞ்சம் முன்னாடியே பார்க்க அவருக்கு அந்த வரி போதும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். இப்போது ஏதாவது ஒரு வீட்டில் ஒரு குழந்தை பைக் சத்தத்துக்குக் காது கொடுத்துப் படுத்திருப்பது உங்களுக்குத் தெரியுமானால், குழந்தைகள் உதவி எண் 1098. கூப்பிடுகிறவர் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.